அக்கா வீட்டுச் சாப்பாடு

ஜூன் 10, செவ்வாய்

மூன்றாவது கீமோ முடிந்து வீடு வந்தாயிற்று. ஏம்பலம் ஸ்டாப்பில் இறங்கியதும் அவரால் நடக்க முடியவில்லை. டீக்கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார வைத்துத்தான் கூட்டிவந்தேன். உணவுக்குழாயில் புற்று என்று சொன்ன நாளிலிருந்து இந்த மனுஷனை நான் கைக்குழந்தை மாதிரிதான் தூக்கிச் சுமக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டயட்டீஷியன். சின்னப் பெண், பேச்சு மட்டும் கறார். மேசைமேல் கிண்ணம், டம்ளர், கரண்டி என்று ஒரு பாத்திரக் கடையே பரப்பி வைத்திருக்கிறாள். "நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து சார் என்னென்ன சாப்பிட்டாரு? இந்தக் கரண்டியா, அந்தக் கரண்டியா?"

எனக்கா தெரியாது? கடகடவென்று சொன்னேன். இட்லி, கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் குழைய வடித்த சோறு, முள் எடுத்த மீன், சாயங்காலம் முட்டை, ராத்திரி பால். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தலையை ஆட்டினார்.

அவள் எடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இவ்ளோ சாப்பிட்டா மூணு கிலோ இறங்காதேம்மா. வீட்ல எதாவது கஷ்டமா? என்கிட்ட சொல்லலாம்."

கஷ்டமா! சோறு போடாமல் நான் ஒளித்து வைத்துவிட்டேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. இறங்கினால் நான் என்ன செய்யட்டும், தராசைப் போய்க் கேளு.

ஜூன் 13, வெள்ளி

அவர் சட்டைகளைப் பிடித்துத் தைத்தேன். பக்கத்துக்கு இரண்டு விரல் உள்ளே போயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் அவருக்குத் தொண்டையில் இறங்காதாம். "வச்சிட்டுப் போ சுதா, நான் மெதுவா துன்னுக்கிறேன்." தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வைக்கோல் போர்ப் பக்கம் போய் உட்காருகிறார். காலித் தட்டோடு வருகிறார். வந்தால் சரி.

ஜூன் 21, சனி

காக்கைகள் பின்பக்கம் ஒரே ரகளை. பாம்போ என்னவோ என்று கம்பை எடுத்துக்கொண்டு போனேன்.

என் இட்லி. வைக்கோலுக்கு அடியில், கல் மாதிரி காய்ந்து. அவித்த முட்டை. மீன். பனித்திட்டிலிருந்து வரும் மீன்கார அம்மாவிடம் பேரம் பேசி வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு முள்ளாக நான் பொறுக்கிய மீன்!

அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு இட்லியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "இன்னாங்க இது?"

தரையைப் பார்த்தபடியே சொன்னார். "அக்கா வூட்ல துன்னுக்கினு இருக்கேன் சுதா. உன் மனசு நோவுமேன்னுதான் சொல்லல."

அக்கா. அவர் கூடப் பிறந்தவள், எதிர்வீட்டுக் கனகாம்பாள். நாங்கள் வீடு கட்டிக் குடிபோன அன்று பால் காய்ச்ச அவளைக் கூப்பிடாமல் என் தங்கையைக் கூப்பிட்டேன் என்று, இலையில் கை நனைக்காமல் எழுந்து போனவள். நாலு வருஷமாயிற்று. தெருவில் எதிரே வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். தெருவே பார்த்துச் சிரிக்கும்.

அவள் கை சோறு இறங்குகிறது. என் கை சோறு காக்காய்க்கு. என் மனசு நோகுமாம்! கொட்டினால் மட்டும் நோகாதா?

ஜூன் 22, ஞாயிறு

எனக்கு மட்டும் உலை வைத்தேன். எதிர்வீட்டில் தாளித்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஜூன் 26, வியாழன்

மத்தியானமும் சாயங்காலமும் எதிர்வீட்டுக்குப் போகிறார், வருகிறார். கேட்டால் "ஆச்சு." இன்றைக்கு மனசு கேட்காமல், "இன்னா கொழம்பு?" என்றேன். கருவாட்டுக் குழம்பாம். இங்கே கருவாட்டை அடுப்பில் வைத்தால் வாந்தி வருகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய மனுஷன்!

எங்கேயோ தின்று உயிரோடு இருந்தால் போதும் என்றும் தோன்றுகிறது. தோன்றிய உடனே மறுபடி பற்றிக்கொண்டு வருகிறது. இருபத்து நாலு வருஷம் ஆக்கிப் போட்டேனே, அதற்கு என்ன மரியாதை?

ஜூலை 1, செவ்வாய்

கீமோ போடவில்லை. எடை இன்னும் இறங்கிவிட்டது, ரத்தமும் குறைவு. ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார் டாக்டர். இப்படியே போனால் மருந்தைத் தாங்க மாட்டார், நிறுத்த வேண்டிவரும் என்றார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

அவர் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்த சமயம் டயட்டீஷியன் கூப்பிட்டாள். மறுபடியும் கரண்டி, கிண்ணம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னைக் கேக்காதீங்க மேடம். அவரு சாப்பிடறது அவங்க அக்கா வூட்ல. அவங்களைக் கேளுங்க."

அவள் கோபப்படவில்லை. "சரிம்மா. அப்போ அவங்க என்ன போடுறாங்க, எவ்ளோ போடுறாங்கன்னு அவங்ககிட்டயே கேட்டுட்டு வாங்க. அது தெரியாம நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அந்த வீட்டுப் படி ஏறுவதா? நானா?

ஜூலை 3, வியாழன்

ஏறினேன். அவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கனகாம்பாள் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அண்ணி, ஆஸ்பத்திரியில கேக்குறாங்க. அவருக்கு நீங்க தினம் இன்னா போடுறீங்க? எத்தினி கரண்டி?"

"இன்னாடி, நக்கலா?" என்றாள். "என் வூட்ல அவன் எங்கடி துன்னான்? வருவான், டிவி பாத்துக்கினு குந்துவான், பூடுவான். கேட்டா, 'சுதா மீன் ஆஞ்சி போட்டா, இப்பதான் துன்னுட்டு வந்தேன்க்கா'ன்றான். கருவாட்டுக் கொழம்பு வச்சிக் கெஞ்சினேன். தொடல. நீதான் ஏதோ சொல்லி வச்சிருக்கேன்னு தினம் உன்னத் திட்டிக்கினு இருக்கேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். கீரை மடியிலிருந்து சரிந்தது, அவள் எடுக்கவில்லை. "அப்ப எங்கதான் துன்றான்?" என்றாள். குரலே மாறிப்போயிருந்தது.

எங்கேயும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் பேச மாட்டோம் என்கிற தைரியம் அவருக்கு. இங்கே அவள் பெயர், அங்கே என் பெயர். எங்கள் சண்டையை நடுவில் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறார். நான் என்னடா என்றால் அவள்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அடப்பாவி மனுஷா!

இரண்டு பேரும் சேர்ந்துபோய் அவரை எழுப்பினோம். எங்களைச் சேர்த்துப் பார்த்ததுமே முகம் செத்துவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"முழுங்கினா நெஞ்சுல கத்தி எறங்குற மாரி இருக்கு. வாயெல்லாம் துரு ருசி. நீ தட்டத் தூக்கினு வந்தாலே பயமா இருக்குது சுதா. துன்னலன்னா நீ அழுவுற. துன்னுட்டேன்னு சொன்னா சிரிக்கிற. நான் இன்னா பண்ண?"

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "என்னை முட்டாளாக்கிட்டீங்களே" என்று மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன் என்று அண்ணி சொல்கிறாள்.

ஜூலை 4, வெள்ளி

அண்ணி பால் கஞ்சி கொண்டுவந்தாள். மூன்று ஸ்பூன் குடித்தார். இரண்டு பக்கமும் போலீஸ்காரர் மாதிரி நின்று பார்த்தோம். அவரோடு நான் பேசவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கரும்புக்கு உரம் வைக்க ஆட்கள் வந்தார்கள். "அய்யா சாப்பிட்டாரா?" என்று ஒருத்தி கேட்டாள். வாய் தானாக "ஆச்சு" என்றது. அவரை மட்டும் திட்டி என்ன பயன்?

ஜூலை 8, செவ்வாய்

பஸ்ஸில் போகும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மூன்று இட்லி, இரண்டு டம்ளர் கஞ்சி, ஒரு முட்டை. நம்புகிற மாதிரி இருக்க வேண்டும். நான் குறைத்துச் சொல்லி அவர்கள் கீமோவை நிறுத்திவிட்டால்? அந்தப் பயத்தில் எனக்கு நியாயம் அநியாயம் ஒன்றும் தெரியவில்லை.

"நேத்து காலையில..." என்று டயட்டீஷியன் ஆரம்பித்தாள். நான் வாயைத் திறந்தேன். அவர் என் கைமேல் கையை வைத்து அழுத்தினார்.

"மேடம், இவங்களக் கேக்காதீங்க. ஜாஸ்தி சொல்லுவாங்க. நேத்து காலையில கஞ்சி மூணு ஸ்பூன். மத்தியானம் ஒண்ணும் இல்ல. சாயந்தரம் பாலு, இந்தச் சின்ன டம்ளர்ல பாதி. ஒரு மாசமாவே அவ்ளோதான். நான்தான் எல்லார்கிட்டயும் பொய் சொல்லிக்கினு இருந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊரையே ஏமாற்றிவிட்டு, நான் பொய் சொல்ல வந்த அன்றைக்குத்தானா இவர் அரிச்சந்திரனாக வேண்டும்? அங்கேயே ஒரு அறை விடலாம் போலிருந்தது.

டயட்டீஷியன் இரண்டு பேரையும் திட்டவில்லை. "இப்பதான்யா கணக்கு சரியா வருது" என்றாள். எழுந்து டாக்டரிடம் போனாள். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் வைக்கலாம், எடை நின்றால் இரண்டு வாரத்தில் கீமோ தொடரலாம் என்றார்கள். இதை முன்னமே சொல்லியிருந்தால் முன்னமே வைத்திருப்பார்களாம்.

அவர் என்னைத்தான் பார்த்தார். "போடச் சொல்லு" என்றார்.

ஜூலை 12, சனி

குழாய் வைத்த மூக்கோடு அவரைப் பார்க்க முடியவில்லை. பார்க்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

எடை இறங்கவில்லை. நாலாவது கீமோ ஏறியது.

ஜூலை 25, வெள்ளி

அண்ணி கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கொண்டுவருகிறாள், நான் சிரிஞ்சில் ஊற்றுகிறேன். இறங்குவது கண்ணுக்கு எதிரே தெரிகிறது. இருந்தும் என் மனசு அடங்கவில்லை. இன்று காலையில்கூட ஒரு சாக்குச் சொல்லிப் பின்பக்கம் போய் வைக்கோலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். பைத்தியம்.

மத்தியானம் முக்கால்வாசி இறங்கியிருக்கும். அவர் கையைத் தூக்கினார். "போதும் சுதா. முட்டிக்கினு வருது."

கிண்ணத்தில் இன்னும் மீதி இருந்தது. "ஊத்துடி, பொய் சொல்றான்" என்றாள் அண்ணி.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். குழாயை மூடிவிட்டேன்.