நாற்பது பேருக்கு ஒரு மெயில்

2024 பிப்ரவரி 12, திங்கள்

ஸ்ரீனிவாஸுக்குப் புது டூல் மேல் ஆசை வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு சிப்பின் டிசைனையும் தொழிற்சாலைக்கு அனுப்புவதற்கு முன் நாங்கள் ஓட்டிப் பார்க்கும் சாஃப்ட்வேர் டூலைத் தூக்கிவிட்டு, போட்டிக் கம்பெனியின் டூலை வைக்கலாமா என்று நான் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நான்கு வாரம்.

"ஓபன் மைண்டோட பாருங்க பாமாகாரு" என்றார் மேனேஜர் பெருமான், தெலுங்கில்.

மைண்ட் ஓபனாகத்தான் இருக்கிறது. பதில் மட்டும் ஏற்கெனவே தயார்.

இதற்கு நடுவில் ஹெச்.ஆர். பெண் வந்து, ஆபீஸ் இதழுக்கு "உங்க வேலை என்னன்னு சிம்பிளா நாலு வரி" கேட்டாள். எழுதிக் கொடுத்தேன்: சிப்புக்குள் கோடிக்கணக்கில் வயர்கள். ஒவ்வொரு வயரும் சிக்னலை எவ்வளவு இழுத்தடிக்கும் என்று ஒரு டூல் கணக்கெடுக்கும், அது எக்ஸ்ட்ராக்‌ஷன். அந்தக் கணக்கை வைத்து, சிக்னல் நேரத்துக்குப் போய்ச் சேருமா என்று இன்னொரு டூல் சொல்லும், அது டைமிங். சேராது என்று அறிவித்துவிட்டு எல்லோரிடமும் திட்டு வாங்குவது என் வேலை.

கடைசி வரியை வெட்டிவிட்டாள்.

பிப்ரவரி 14, புதன்

புது டூல்காரர்கள் தங்கள் இன்ஜினியரை அனுப்பியிருக்கிறார்கள். பெயர் சாய்குமார். நெல்லூர்க்காரர், சென்னையில் படித்ததால் என்னோடு தமிழ். எண்பத்து நான்கு ஸ்லைடு. அதில் 'வேகம்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஆரம்பித்து ஐம்பதில் தூங்கிவிட்டேன்.

"உங்க டூல் ஒன்பது மணி நேரம் எடுக்கிறதை நாங்க ரெண்டரையில முடிச்சுடுவோம் மேடம்."

"தப்பா முடிக்கிறதுக்கு ரெண்டரை மணி நேரம் எதுக்கு? பத்து நிமிஷம் போதுமே."

சிரித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஏமாற்றம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நிஜமாகவே ரெண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. சனியன்.

பிப்ரவரி 23, வெள்ளி

முடிவு வந்தது. அடுத்த மாதம் அனுப்பவேண்டிய சிப்பின் வயர்களை இரண்டு டூலிலும் கணக்கெடுத்து, டைமிங் ஓட்டினேன். பழைய டூல்: எல்லாம் சரி. புதிய டூல்: 214 பாதைகளில் சிக்னல் நேரத்துக்குப் போய்ச் சேராது.

ஆஹா! இருநூற்றுப் பதினான்கு பொய். புது டூல் பீதி கிளப்புகிறது என்று மெயில் அடித்தேன். மூன்று ஆச்சரியக்குறி. அனுப்புமுன் இரண்டை எடுத்தேன், பெருந்தன்மை.

ஸ்ரீனிவாஸ் உடனே ஓடி வந்தார். சிப் மார்ச் 15 போயாக வேண்டும், மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது. "பழைய டூலே மன்ச்சிதி பாமாகாரு. நம்பகமானது." பத்து நாள் முன்னால் அதைத் தூக்கி எறியச் சொன்னது இதே வாய். தேர்தல் நேரத்தில்கூட இவ்வளவு வேகமாகக் கட்சி மாறியவரை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

சாய்குமார் போவதாக இல்லை. "ஒரே ஒரு பாதையை மட்டும் எடுத்து, ரெண்டு டூல்லயும் வயர் வயரா பார்த்துடுவோம் மேடம். அப்புறம் நான் கிளம்பிடறேன்" என்றார். கிளம்புவார் என்ற ஆசையில் உட்கார்ந்தேன்.

எல்லாம் பொருந்துகிறது, ஒன்றைத் தவிர. அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டுக்காரன் டிவியை அலறவிட்டால் நம் வீட்டில் பேசுவது காதில் விழாதே, அதே மாதிரி பக்கத்து வயர் துள்ளினால் நம் வயரில் சிக்னல் தாமதமாகும். அந்த ஒரு வயருக்குப் புது டூல் முப்பத்தொரு பக்கத்து வீட்டுக்காரர்களைக் காட்டுகிறது. என் டூல் இரண்டே பேரை.

"உங்க டூலுக்குக் காது கேக்கலையா மேடம்?" மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் எரிச்சல்.

நாளைக்குக் காரணம் கண்டுபிடித்து அவர் வாயை அடைக்கிறேன்.

பிப்ரவரி 28, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

தப்பு டூலில் இல்லை. டூலை ஓட்டும் ஸ்க்ரிப்டில், 1140ஆவது வரி. 'இந்த அளவுக்குக் கீழே இருக்கும் பக்கத்து வயர்களின் தொந்தரவைக் கண்டுகொள்ளாதே.' எழுதிய தேதி 2016 ஆகஸ்ட். எழுதியவர் பெயர்: பாமா.

அப்போ வயரெல்லாம் தள்ளித்தள்ளி இருந்துச்சு. சின்னச் சின்னத் தொந்தரவை விட்டுட்டா டூல் சீக்கிரம் முடியும்னு போட்டேன். அன்னைக்கு அது சரிதான். அப்புறம் வருஷா வருஷம் சிப் சுருங்கி, வயரெல்லாம் லோக்கல் ரயில் கூட்டம் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. தனித்தனியா ஒவ்வொண்ணும் சின்னதுதான் — முப்பது சேர்ந்தா? எட்டு வருஷம் நான் திரும்பிப் பார்க்கவே இல்லையா? இல்லை.

வரியை எடுத்துவிட்டுப் பழைய டூலை ஓட்டினேன். 209 தப்பு. புதியதில் 214.

இரண்டு வாரமாக இரண்டு டூலை ஒப்பிட்டேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். செவிடு நான்.

பிப்ரவரி 29, வியாழன்

அச்யுத் விஷயத்தை எழுதாமல் இருக்க முடியாது.

இரண்டு வருடம் முன்னால், இதற்கு முந்தைய சிப். வெயில் ஏறினால் சில பீஸ்கள் ஹேங் ஆகின்றன என்று வாடிக்கையாளரிடமிருந்து புகார். அச்யுத் கீழ்த்தள லேபில் சிப்பை அளப்பவர். இதே ஊரில் மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர், ஆபீஸில் தமிழ் பேச அப்போது எனக்கு இருந்த ஒரே துணை. நாற்பது பேர் இருந்த மீட்டிங்கில் எழுந்து, ஸ்க்ரீனில் சிப்பின் ஒரு மூலையைக் கை காட்டி, "டைமிங் பிரச்சனை மாதிரி இருக்கு, ஒருதடவை பாருங்க" என்றார்.

நான் சொன்னது: "அச்யுத், முதல்ல உங்க மீட்டரை சர்வீஸுக்கு விடுங்க."

நாற்பது பேரும் சிரித்தார்கள். நல்ல ஜோக் என்று எனக்கும் பெருமை. பழி வாடிக்கையாளரின் சர்க்யூட் போர்டு மேல் போனது. அளக்கத் தெரியாதவர் என்று பெயராகி, அந்த வருடம் அவர் பிரமோஷன் கைவிட்டுப் போனது. அன்றிலிருந்து என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்.

இன்று அந்தப் பழைய சிப்பை 1140ஆவது வரி இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். பதினேழு பாதைகள் தப்பு. பதினேழும் அவர் கை காட்டிய அதே இடத்தில்.



மார்ச் 1, வெள்ளி

ஸ்ரீனிவாஸிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "இந்த ஒரு சிப் போகட்டும் பாமாகாரு. அடுத்ததுல மெதுவா மாத்திக்கலாம். ரிப்போர்ட்ல 'டூல்களுக்கு இடையிலான வித்தியாசம்'னு போடுங்க. எவருக்கும் டவுட் ராது."

உண்மை. யாருக்கும் சந்தேகம் வராது.

"யோசிக்கிறேன்" என்றேன். வெட்கமாக இருக்கிறது, நிஜமாகவே யோசித்தேன்.

மார்ச் 2, சனி

வரதராஜனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என் கணவர் பாதுகாப்பு ஆய்வகத்தில் இருக்கிறார், என்ன செய்கிறார் என்று பதினேழு வருடமாகச் சொன்னதில்லை. பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்.

"எங்க லேப்ல ஒருதடவை இப்படித்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"அப்புறம்?"

"சொல்லக்கூடாது."

"நக்கோ, வேண்டாம். விடுங்க."

அடுத்த பூண்டை உரித்தபடி, "இந்த வரி விஷயம் வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"ஸ்ரீனிவாஸ் வாய் திறக்க மாட்டார். சாய்குமாருக்கு நான் சொல்லலை. வேற யாருக்கும் தெரியாது."

"அச்யுத்துக்கு ரெண்டு வருஷமாத் தெரியுமே."

பூண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 4, திங்கள்

லேபுக்குப் போனேன். "எஸ் பாமா, வாட் டூ யூ நீட்?" என்றார் அச்யுத், தலை நிமிராமல்.

லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பதினேழு பாதைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தமிழில், "அப்ப மீட்டர் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என்னுது. மன்னிச்சுடுங்க அச்யுத்."

சுற்றும் முற்றும் பார்த்தார். "இங்க யாருமே இல்லியே பாமா. அன்னைக்கு நாப்பது பேர் இருந்தாங்க."

திரும்பி சால்டரிங் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 5, செவ்வாய்

பழைய மீட்டிங் அழைப்பைத் தேடி எடுத்து, அதே நாற்பது பேருக்கும் மெயில் அனுப்பினேன். வேலையை விட்டுப் போன ஆறு பேருடையது திரும்பி வந்தது. எழுதியது இவ்வளவுதான்: 2016இல் நான் எழுதிய ஒரு வரியால் எங்கள் டைமிங் கணக்கு தப்பு. இப்போதைய சிப்பில் 209 இடங்களைத் திருத்தாமல் அனுப்பக் கூடாது. முந்தைய சிப் வெயிலில் ஹேங் ஆவதும் இதனால்தான். அதை இரண்டு வருடம் முன்பே அச்யுத் சரியாகச் சொன்னார், நான் அவரைக் கேலி செய்து வாயை அடைத்தேன்.

அனுப்பிவிட்டுப் பாத்ரூமில் போய் பத்து நிமிஷம் நின்றேன். அழலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

மார்ச் 6, புதன்

ஒருவர்கூடப் பதில் போடவில்லை. கேன்டீனில் நான் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் சாப்பிட்டு முடிந்துவிடுகிறது.

மார்ச் 22, வெள்ளி

சிப் ஐந்து வாரம் தள்ளிப் போயிருக்கிறது. என் குழுத் தலைமையும் போயிற்று, இனி ஹம்ஸினி. ஐந்து வருடம் எனக்குக் கீழே வேலை பார்த்தவள். அவளுடைய முதல் உத்தரவு: "ஸ்க்ரிப்ட்ல ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல காரணம் எழுதணும் அக்கா. ப்ளீஸ்." நாலாயிரம் வரி. எனக்கே இது முன்னால் தோன்றியிருக்க வேண்டும்.

ஒப்பீட்டு ரிப்போர்ட்டையும் கொடுத்துவிட்டேன். துல்லியத்தில் இரண்டும் சமம். வேகத்தில் புதியது. புதியதை வைக்கலாம் என்று என் கையாலேயே டைப் அடித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

செப்டம்பர் 24, செவ்வாய்

சிப் வந்து ஒன்பது நாள். சூட்டு அறையில் போட்டு அச்யுத் வாட்டி எடுக்கிறார், ஒரு பீஸ்கூட ஹேங் ஆகவில்லை. மூன்று மணிக்கு மீட்டிங்கில் எல்லோருக்கும் முடிவைக் காட்டவேண்டியவர் அவர்தான். காலையில் ரிப்போர்ட்டைச் சுற்றுக்கு விட்டிருந்தார். நாலாம் பக்கத்தில் பிகோ செகண்ட் என்று இருக்கவேண்டிய இடத்தில் நானோ செகண்ட். ஆயிரம் மடங்கு.

ஒரு ஜோக் தானாக வந்து நாக்கு நுனியில் நின்றது. நல்ல ஜோக்.

ரெண்டரைக்கு லேபுக்கு இறங்கிப் போய், கதவைச் சாத்திவிட்டுக் காட்டினேன். "அய்யய்யோ" என்று திருத்தினார். மீட்டிங் நன்றாகப் போனது. கேள்வி கேட்டவர்களில் பாதிப்பேர் அந்த நாற்பதில் இருந்தவர்கள்.

முடிந்து லிஃப்டில் நானும் அவரும் மட்டும்.

"நானோவைப் பார்த்ததும் உங்களுக்கு ஏதாவது தோணியிருக்குமே" என்றார்.

"தோணுச்சு."

"சொல்லுங்க."

சொன்னேன். கீழ்த்தளம் வந்து கதவு திறந்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார்.