ஆதிராவின் எச்சிலும் அயல்நாட்டுக் கணக்கும்

அனுப்புநர்:
பகவதி, க/பெ. சிவதாணு,
அரிசி, பருப்பு மொத்த வியாபாரம்,
சாலைக் கம்போளம், திருவனந்தபுரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், குடப்பனக்குன்னு,
திருவனந்தபுரம்.

பொருள்: என் எட்டு வயது மகளுக்குக் கவனக் குறைபாடு உள்ளதா என்று மருத்துவர் பரிசோதிக்கத் தேவையான ஆசிரியர் குறிப்பை, மரபணுச் சோதனை ஒன்றைக் காரணம் காட்டிப் பள்ளி தர மறுப்பது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மலையாளம் எனக்கு நன்றாகவே பேச வரும். ஆனால் கோபத்தை மரியாதையோடு எழுத எனக்குத் தெரிந்த மொழி தமிழ்தான். தமிழில் இருக்கிறது என்பதற்காக இம்மனுவை ஓரமாக வைத்துவிட வேண்டாம்.

1. என் மகள் ஆதிரா கோட்டைப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் ஒரு கணக்கை முடிப்பதற்குள் பத்துத் தடவை எழுந்துவிடுவாள். கொண்டுபோன குடையும் பென்சிலும் வீடு திரும்பியதில்லை. போன மாதம் செண்டைச் சத்தம் கேட்டு வகுப்பிலிருந்து இறங்கி நடுரோட்டுக்கே ஓடிவிட்டாள். ஒரு பஸ் ஓட்டுநர் சமயத்தில் பிரேக் போட்டதால் பிள்ளை எனக்கு மிஞ்சினாள்.

2. அதற்கு முன்பே ஒரு தனியார் ஆய்வகம் பள்ளியில் இலவச முகாம் நடத்தியிருந்தது. குழந்தைகளின் எச்சிலை எடுத்துப்போய், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாட்டுக்கான பரம்பரை வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆதிராவுக்கு "வாய்ப்பு மிகக் குறைவு" என்று வந்தது.

3. பள்ளிக் கவுன்சிலர் திருமதி லிபி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று என்னிடம் கேட்டார். தந்தை வழியில் யார் என்றார், ஆறுமுகசாமி என்றேன். தாய் வழியில் யார் என்றார். அதற்கும் ஆறுமுகசாமி என்றேன். ஐயா, நான் என் கணவருக்கு மாமன் மகள். ஆறுமுகசாமி அவருடைய அண்ணன், எனக்கு அத்தை மகன். சிறு வயது முதலே ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவர். கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் எந்தக் கம்பெனியிலும் நிலைக்காமல் இப்போது எங்கள் கடையில்தான் இருக்கிறார். ஒரே ஆளை இரண்டு பக்கமும் சொன்னதும், நான் கேள்வி புரியாமல் உளறுகிறேன் என்று திருமதி லிபி சிரித்தார். படிவத்தில் எழுதிய இரண்டையும் அடித்துவிட்டு, "குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்று எழுதினார். முறைப்பெண் என்ற சொல் மலையாளத்திலும் உண்டே! நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தில் இரண்டு வழியும் ஒரே வாசலுக்கு வருவது என்ன உலக அதிசயமா?

4. பஸ் சம்பவத்துக்குப் பிறகு ஆதிராவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வகுப்பில் அவள் எப்படி இருக்கிறாள் என்று ஆசிரியர் எழுதித் தந்தால்தான் முடிவு சொல்ல முடியும் என்றார் மருத்துவர். நியாயமான பேச்சு. பள்ளியோ தர மாட்டேன் என்கிறது. திருமதி லிபி, பத்துப் பெற்றோர் முன்னால், "ஜீனில் ஒன்னுமில்லா, வீட்டில் சிட்ட இல்லா, அத்ரயே உள்ளூ" என்றார். அதாவது, குறைபாடு இல்லையாம், என் வளர்ப்புதான் சரியில்லையாம். அன்று முதல் ஆதிராவைச் சுவரைப் பார்த்த பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

5. நான் ஆய்வகத்துக்கே போன் செய்தேன். சுமி என்ற பெண் ஒளிக்காமல் சொன்னார். அவர்கள் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்டதாம். நம் குழந்தைகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று சரிவரப் பார்க்கவில்லையாம். "அது வெறும் சான்ஸ்தான் சேச்சி, நோயா இல்லையான்னு டாக்டர்தான் நோக்கணும்" என்றார். எங்கள் கடைத் தராசில் முத்திரை புதுப்பிக்காவிட்டால் உங்கள் அதிகாரிகள் வந்து அபராதம் போடுகிறார்கள், கட்டுகிறோம். அரிசிக்கு உள்ள சட்டம் என் பிள்ளைக்கு இல்லையா?

6. ஆகவே, ஆசிரியர் குறிப்பை உடனே மருத்துவருக்கு அனுப்பவும், தவறாக எழுதிய குடும்ப விவரத்தைத் திருத்தவும், அந்தப் பெஞ்சிலிருந்து என் மகளை எழுப்பவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். அவளுக்குக் குறைபாடு உண்டு என்று நான் சாதிக்கவில்லை. பார்க்க வேண்டியவர் பார்த்துச் சொல்லட்டும்.

7. இன்னொன்றும் கேட்கிறேன், இதற்குச் சட்டத்தில் இடமுண்டா என்று தெரியாது. நேற்று தலை பின்னும்போது ஆதிரா கேட்டாள்: "எச்சில்ல ஒண்ணும் இல்லேன்னு சொல்லியாச்சில்லாம்மா, அப்பம் நான் கெட்ட பிள்ளதானே?" இல்லை மக்களே, நீ நல்ல பிள்ளை என்றேன். அவள் நம்பவில்லை, அம்மா அப்படித்தான் சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் நேரில் அந்த வகுப்புக்குப் போய், எல்லாக் குழந்தைகளும் கேட்க, அவள் கெட்ட பிள்ளை இல்லை என்று சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) பகவதி சிவதாணு

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 12.11.2025