நாணயக்கயிறும் இரண்டு விரல்களும்

1937 ஜனவரி 19, செவ்வாய்

காலையில் மாடுகளுக்குப் பருத்திக்கொட்டை வைக்கும்போது பெட்டி கையிலிருந்து விழுந்தது. வலது கையின் சின்னி விரலும் மோதிர விரலும் இரவல் வாங்கிய விரல்கள் போல இருக்கின்றன. மரத்துப்போய், உள்நோக்கி வளைந்து. பெருவிரலுக்குப் பக்கத்திலிருந்த தசை வற்றிக் குழி விழுந்திருக்கிறது.

பொங்கல் மாட்டுவண்டிச் சவாரியில் தோற்றது இந்த விரல்களால்தான். நாணயக்கயிறு பிடியில் நிற்கவில்லை. மாடுகள் தம் விருப்பத்துக்கு ஓடின. ஊர் அப்படிச் சொல்லவில்லை. "கிளாக்கருக்கு வயது போட்டுது" என்கிறது. நாற்பத்தாறு ஒரு வயதா?

மலாயா றெயில்வேயில் கிளாக்கராக இருந்த என்னை, செலவைக் குறைக்கிறோம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்குக் கீழே இருந்தவனை வைத்துக்கொண்டார்கள். அதை நான் மறக்கவில்லை. இங்கே வந்த பிறகு மனிதன் என்று நான் நிமிர்ந்து நிற்பது சவாரி வண்டியில் மட்டும். அதுவும் போனால்?

ஜனவரி 30, சனி

பரியாரி நாடி பார்த்தார். வாதம் என்றார். எண்ணெயும் பத்தியமும். புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது. விரல் ஏன் மரத்தது என்று கேட்டால், "வாதமெண்டால் அப்பிடித்தான்." இதைச் சொல்ல ஒரு பரியாரி தேவையா?

பெப்ரவரி 14, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

மகள் குணலட்சுமியைப் பெண் பேசி உடுப்பிட்டியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் சீவரத்தினம், அவருடைய தமக்கை, இடையில் நின்று பேசுகிறவன் ஒருவன். பேச்சு நன்றாகவே போயிற்று. சுருட்டுத் தட்டை நீட்டினேன்; நானும் ஒன்றைப் பற்றவைத்தேன். சீவரத்தினம் தன் தென்னங்காணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கையைக் கதிரைச் சட்டத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் தமக்கைதான் முதலில் மூக்கைச் சுழித்தாள். "சைவ வீடெண்டெல்லோ சொன்னவை. என்ன, மச்சம் கருகிற மணம்?"

எல்லோரும் அடுக்களைப் பக்கம் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மனைவி மீனாம்பிகை என் கையைப் பார்த்தாள். பிறகு அவர்களும் பார்த்தார்கள். சுருட்டின் நெருப்பு என் சின்னி விரலில் சாய்ந்தபடி எரிந்துகொண்டிருந்தது. தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும்.

தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழுந்தார்கள். "நாள் பாத்துச் சொல்லிவிடுறம்."

பெப்ரவரி 22, திங்கள்

ஆசுப்பத்திரி அப்போதிக்கரி கிறகோரியிடம் போனேன். கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்தினான். சின்னி விரலில் குத்தியது எனக்குத் தெரியவில்லை. முழங்கையின் உட்பக்கத்தைத் தடவி, "நரம்பு கயிறுமாதிரித் தடிச்சுக் கிடக்கு" என்றான். பிறகு கை கழுவினான். சவர்க்காரம் போட்டு, நெடுநேரம்.

"கிளாக்கர், நான் சொல்லுறதைப் பிழையா எடுக்காதேங்கோ. இது பெரியவியாதியின்ரை குணம்."

பெரியவியாதி. குட்டம் என்று சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை.

மருந்துப் போத்தலை என் கையில் தராமல் மேசையில் வைத்துத் தள்ளினான். இவனுடைய தகப்பன் எங்கள் காணியில் குடியிருந்தவன்.

மார்ச் 3, புதன்

உடுப்பிட்டியார் நாள் பார்க்கவில்லை.

கட்டாடி வெளுக்க உடுப்பு எடுக்க வரவில்லை. சவரத்துக்கு ஆள் அனுப்பினேன், கோயிற்கொடியேற்றமாம், ஒழிவில்லையாம். எந்தக் கோயிலில் இப்போது கொடியேற்றம்? இடது கையால் நானே வழித்தேன். கன்னத்தில் வெட்டு.

மார்ச் 11, வியாழன்

ஊர்த்தலைவர் விதானையார் வந்து படலையடியில் நின்றார். உள்ளே வரவில்லை. கையில் என்மேல் முறையிட்டு எழுதிய பெட்டிசம். பெயர் போடாத பெட்டிசம். நம்முடைய ஊருக்கு நெல்லும் புகையிலையும் விளையாவிட்டாலும் இது விளையும்.

"கிளாக்கர், நான் என்ன செய்ய? சட்டம் இருக்கு. மே முடியுறதுக்குள்ளை யாழ்ப்பாணத்திலை பெரிய டாக்குத்தருக்கு முன்னாலை போய் நிக்கவேணும். அவர் ஓமெண்டால், மாந்தீவு."

மட்டக்களப்பு வாவிக்குள் பெரியவியாதிக்காரரை அடைத்துவைக்கும் ஒரு தீவு. போனவர்கள் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

யார் எழுதியது? எனக்குச் சந்தேகமே இல்லை. தியாகலிங்கம். மீனாம்பிகையின் தம்பி. வண்டியில் எனக்குப் பின்னால் இருந்து மாடுகளை விரட்டுகிறவன். இத்தனை வருடமும் பின்னால் இருந்தவனுக்கு முன்னால் இருக்க ஆசை வராதா? நான் மாந்தீவுக்குப் போனால் மாடுகள் யாருக்கு? விரலில் ஊசி குத்தியதும் எனக்குத் தெரியவில்லை என்று வெளியே சொன்னது யார்? வீட்டுக்குள் நடப்பது வீட்டாருக்குத்தானே தெரியும்.

மார்ச் 12, வெள்ளி

மீனாம்பிகையிடம் சொன்னேன். "உன்ரை தம்பிதான்." அவள் சொன்னாள்: "உங்களுக்கு எப்பவும் ஆரோ ஒருத்தர் செய்யவேணும். உந்தக் கை வருத்தமும் ஆரோ செய்ததோ?"

இனி அவனை வளவுக்குள் விடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 13, செவ்வாய்

வருடப்பிறப்பு. மருத்துநீர் வைத்து முழுகினேன். கைவிசேடத்துக்கு வெற்றிலையும் காசும் எடுத்துவைத்து, நல்லநேரம் முழுவதும் விறாந்தையில் இருந்தேன். போன வருடம் வாங்க வந்தவர்கள் படலை வரைக்கும் நின்றார்கள். இந்த வருடம் ஒரு காகம் வந்தது.

குணலட்சுமி கையை நீட்டினாள். தாய் உள்ளிருந்து, "மேசையிலை வையுங்கோ, அவள் எடுப்பாள்" என்றாள். பிள்ளை நீட்டிய கையை எடுக்கவில்லை. நான்தான் மேசையில் வைத்தேன்.

பின்னேரம் சவாரித் திடலிலிருந்து சத்தம் கேட்டது. மாடுகள் காதை நிமிர்த்தின.

ஏப்ரல் 29, வியாழன்

தனிப் பாய். தனிக் கோப்பை. மீனாம்பிகை அழுதுகொண்டுதான் செய்கிறாள். செய்கிறாள்.

மே 16, ஞாயிறு

பட்டணத்தில் மரியரட்ணம் இருக்கிறான், இங்கிலாந்து போய் வெட்டுவைத்தியம் படித்தவன், அவனிடம் முதலில் காட்டுங்கள் என்று மீனாம்பிகை மாசிமாதம் தொடக்கம் கெஞ்சுகிறாள். முடியாது என்றேன். அவனும் நானும் படித்த பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மாணவன் நான். மேலே படிக்கத் தரும் உபகாரப் பணம் அவனுக்குப் போயிற்று. பாதிரிமாரின் வேதக்காரப் பள்ளிக்கூடத்தில் வேதக்காரப் பொடியன். அந்தப் பணம் எனக்கு வந்திருந்தால் யார் டாக்குத்தர், யார் கிளாக்கர்? அவன் முன்னால் போய்க் கை நீட்டுவதா?

இன்று குணலட்சுமி சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அப்பா, மாந்தீவோ மரியரட்ணமோ. ரண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ."

என்னிடம் யாரும் இப்படிக் கதைத்ததில்லை.

மே 20, வியாழன்

போனேன். முன் மண்டபத்தில் காத்திருக்க வைப்பான் என்று நினைத்தேன். தானே எழுந்து வந்தான். தலை முழுவதும் நரை. "என்னடாப்பா, இவ்வளவு நாளும் எங்கை கிடந்தனீ?" என்று என் வலது கையைப் பிடித்தான். பிடித்தபடியே உள்ளே கூட்டிக்கொண்டு போனான். பெப்ரவரிக்குப் பிறகு ஒருவர் தொட்ட முதல் தொடுகை. எனக்குக் கோபம் வந்தது. ஏனென்று தெரியாது.

சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, தொடை, காது எல்லாம் பார்த்தான். எங்கும் தேமல் இல்லை. காதுமடலில் கீறி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுணுக்குக்காட்டியால் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே தெரிய நீட்டச் சொன்னான். இடது கை நேராக நின்றது. வலது கை முழங்கையிலிருந்து வெளிப்பக்கம் கோணி நின்றது. பிறந்தது முதல் அப்படி என்பதுபோல நான் அதைக் கவனிப்பதே இல்லை.

"உந்த முழங்கை எப்ப முறிஞ்சது?"

"இருபத்தொரு வயசிலை. சவாரி வண்டி பிரண்டு."

"ஆர் கட்டினது?"

"ஊரிலைதான். பத்துப் போட்டுக் கட்டினது. சுகமாத்தானே போச்சு."

"பொருந்தினது. கோணலாப் பொருந்தினது. சின்னி விரலுக்குப் போற நரம்பு முழங்கைக்குப் பின்னாலைதான் ஓடுது. எலும்பு கோணினவுடனை நரம்பின்ரை பாதையும் இறுகிப்போச்சு. நீ கயிறு பிடிச்சுக் கையை மடக்கி மடக்கி இழுக்கேக்கை ஒவ்வொருக்காலும் அது எலும்பிலை உரஞ்சிருக்கு. அதுதான் தடிச்சது. இது குட்டமில்லை. சவாரி."

"இருபத்தஞ்சு வருசத்துக்குப் பிறகோ?"

"நரம்பு உன்னைப் போலையடா. பட்ட உடனை சொல்லாது. உள்ளுக்கை வைச்சிருந்து பிறகுதான் காட்டும்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பரியாரி, கிறகோரி, ஊர் — ஒருவராவது முழங்கையைப் பற்றிக் கேட்டார்களா? நானாவது சொன்னேனா?

வெட்டி, நரம்பை எடுத்து முழங்கையின் முன்பக்கத்துக்கு மாற்றி வைக்கவேண்டுமாம். "மரப்புக் குறையும். பலம் எவ்வளவு வருமெண்டு சொல்லமாட்டன். ஒரு வருசமாவது பொறு."

மே 28, வெள்ளி

பெரிய டாக்குத்தர் முன்னால் நின்றேன். மரியரட்ணத்தின் கடிதத்தை வாசித்தார். அவரும் காதில் கீறிப் பார்த்தார். நோய் இல்லை என்று எழுதி முத்திரை வைத்துத் தந்தார். விதானையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சந்தோசம், கிளாக்கர்" என்றார். படலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து.

ஜூன் 10, வியாழன்

செவ்வாய்க்கிழமை வெட்டினார்கள். வலி. இடது கையால் இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5, வியாழன்

முத்திரை வைத்த கடுதாசியால் என்ன பயன்? "காசு குடுத்து எழுதுவிச்சிருப்பார்" என்று கிணற்றடியில் கதைக்கிறார்கள். குணலட்சுமி காதால் கேட்டாள். உடுப்பிட்டி மாப்பிள்ளைக்குச் சுன்னாகத்தில் கலியாணம் முடிந்துவிட்டது. அவள் ஆசிரியப் பயிற்சிக்குப் போகப்போகிறாளாம். போகட்டும். யார் தடுக்கிறது?

விரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அக்டோபர் 17, ஞாயிறு

எறும்பு ஊர்வது போல இருந்தது. விரலில் எறும்பு இல்லை.

டிசம்பர் 12, ஞாயிறு

மரியரட்ணம் சொல்லித் தந்த பயிற்சி: சின்னி விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் ஒரு கடுதாசியைக் கவ்வவேண்டும், மற்றவர் இழுக்கவேண்டும். தினமும் மீனாம்பிகை இழுக்கிறாள். தொடக்கத்தில் நுனியை மட்டும் இரண்டு விரலால் தொட்டு இழுப்பாள். அது தானாகவே வந்துவிடும்.

இன்று இழுத்தாள். வரவில்லை. கிட்ட வந்து இருந்துகொண்டு இழுத்தாள். கடுதாசி கிழிந்தது. பாதி அவள் கையில்.

"ஐயோ, கிழிச்சுப்போட்டன்" என்றாள். பிறகு என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இன்று இரவு தனிக் கோப்பை வைக்கவில்லை. பத்து மாதத்தை அவ்வளவு சுலபமாக விடமாட்டேன்.

1938 ஏப்ரல் 3, ஞாயிறு

வண்டியைக் கட்டி ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்தேன். கயிறு நின்றது. மெல்லத்தான் ஓட்டினேன். ஆனால் நின்றது. வருடப்பிறப்புச் சவாரிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 17, ஞாயிறு

திடலுக்குப் போனேன். வேலியோரம் நின்றவர்கள் எனக்கு வழிவிட்டார்கள், தேவைக்கு மேலேயே அகலமாக. வண்டியில் பின்னால் இருக்க ஓர் ஆள் வேண்டும். தனியாளுக்குச் சவாரி இல்லை. அங்கே நின்ற செல்வரட்ணத்தைக் கேட்டேன், இடுப்பு நோகுதாம். வேறு இருவரைக் கேட்டேன். ஒருவன் சிரித்தான்.

மத்தியஸ்தர் சத்தம் போட்டார்: "கிளாக்கர், ஆளில்லாட்டில் வண்டியைத் திருப்புங்கோ!"

திருப்பக் கயிற்றை எடுத்தபோது வண்டி பின்னால் தாழ்ந்தது. திரும்பிப் பார்த்தேன். தியாகலிங்கம். ஒரு வருடமாக நான் முகம் பார்க்காதவன்.

"உன்னை ஆர் ஏறச் சொன்னது?"

"மாட்டுக்கு ஆள் வேணும், அத்தான். உங்களுக்கில்லை."

கொடி விழுந்தது. ஓட்டம்! பாதித் தூரம் வரை நாங்கள் முன்னால். காற்று, புழுதி, சக்கரத்தின் சத்தம். நான் இந்த ஒரு வருடமும் எதற்காகச் சகித்தேன் என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு வலது மாடு வெளியே சாயப் பார்த்தது. அடக்கி இழுத்தேன். மூன்று விரல்களும் பெருவிரலும் இழுத்தன. கடைசி விரல் வரவில்லை. கயிறு அதற்குள்ளால் எண்ணெய் பூசியது போல வழுகிப் போயிற்று. வலது பக்கம் கிணறு. சனம்.

தோளுக்கு மேலால் ஒரு கை வந்தது. கயிற்றை எட்டிப் பிடித்தது. "விடுங்கோ, அத்தான். என்னட்டை விடுங்கோ." காதுக்குள் சொன்னான். யாருக்கும் கேட்டிருக்காது.

விட்டேன்.

மூன்றாம் இடம். கயிறு கை மாறியது புழுதிக்குள் யாருக்கும் தெரியவில்லை. "கிளாக்கர் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டிப்போட்டார்" என்று செல்வரட்ணம் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். இப்போது பிடிக்கிறான். தியாகலிங்கம் அவிழ்த்த மாடுகளைத் தடவிக்கொண்டு நின்றான்.

ஏப்ரல் 21, வியாழன்

மரியரட்ணம் கையைப் பார்த்தான். இதற்குமேல் வராது என்றான். "எழுதலாம். சோறு குழைச்சுத் தின்னலாம். சட்டைப் பொத்தான் பூட்டலாம். நல்ல சுகம்."

ஓம். நல்ல சுகம்.

ஏப்ரல் 25, திங்கள்

மாடுகளைத் தியாகலிங்கத்தின் வளவுக்குக் கொண்டுபோனேன். அவன் படலையைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன அத்தான் இது?"

"வலது மாடு பின்னேரத்திலை தவிடு தின்னாது. காலமை வை."

பெட்டிசத்தைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். வழி முழுவதும் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். அவன் கயிற்றை வாங்கக் கையை நீட்டினான். கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மீனாம்பிகை வெறுங்கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.