உன் தம்பியின் பல் விஷயமாக

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று பதறாதே. போனில் பேசும்போதெல்லாம் உன் தம்பி என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பற்றி அவன் காதுபடப் பேச எனக்கு வாய் வரவில்லை. இப்போது கடையில் துண்டு மடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் நான் முதுகைக் காட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கடையில் கூட்டம் குறைந்துவிட்டது. தெருமுனையில் ஏசி போட்ட சலூன் வந்ததிலிருந்து இளவட்டங்கள் எல்லாம் அங்கேதான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை, பேச வருகிறார்கள். உன் தம்பிக்குப் போன மாதம் முப்பத்து நான்கு முடிந்தது. எல்லோரும் இன்னும் மேனேஜர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வருகிறவருக்கு நாற்காலியைத் தட்டிக் காட்டுவதும், முடிந்ததும் துண்டை உதறி மடிப்பதும் அவன் இலாகா. நான் மடித்தால் கோணல் என்று பிரித்துப் போட்டுவிடுவான்.

அந்தத் துண்டில்தான் விஷயம் ஆரம்பித்தது. நாலு மாதத்துக்கு முன்னால், துவைக்கப் போட்ட துண்டுகளில் இரத்தப் பொட்டு பார்த்தேன். என் கை தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன். நாற்பத்தாறு வருஷம் கத்தி பிடித்த கை, எழுபத்தொரு வயது, தவறாதா? அன்றிலிருந்து சவரம் முடிந்ததும் ஒவ்வொருவர் முகத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தபால்காரர், என்ன அண்ணே, பெண் பார்க்க வந்த மாதிரி பார்க்கிறீர்களே என்று கேலி செய்தார். யார் கன்னத்திலும் ஒரு கீறல் இல்லை. பயத்தில் ஒரு வாரம் சவரமே இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். அந்த வாரமும் துண்டில் பொட்டு இருந்தது. அப்புறம்தான் மேனேஜரைக் கவனித்தேன். மடிப்பதற்கு முன்னால் துண்டின் மூலையில் வாயைத் துடைத்துக்கொள்கிறான்.

வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பான். எத்தனை தரம் கேட்டாலும் இல்லைதான். நாலு வயதில் அவனுக்கு இதய ஆபரேஷன் நடந்தது உனக்கு நினைவிருக்கும். வலிக்கவில்லை என்று சொன்னால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று அப்போது சொல்லிக்கொடுத்தவனே நான்தான். முப்பது வருஷமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். ஆப்பிளை ஒதுக்கினான். பிஸ்கட்டை டீயில் கூழாகும்வரை ஊறவைத்தான். நான் அதை அடம் என்று நினைத்து அதட்டினேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே பல் டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். பொறுமைசாலி. முதல் நாள் நாற்காலியில் சும்மா உட்கார வைத்து அனுப்பினார். இரண்டாம் நாள் குட்டிக் கண்ணாடியை அவன் கையிலேயே கொடுத்து என் வாயைப் பார்க்கச் சொன்னார். மூன்றாம் நாள்தான் அவன் வாய்க்குள் பார்த்தார். ஒரு சொத்தைகூட இல்லை என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெருமையில்தானே இத்தனை வருஷம் அவனைப் பல் டாக்டரிடமே காட்டவில்லை. அவர் சிரிக்கவில்லை. உன் தம்பி மாதிரி டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்குச் சொத்தை குறைவாகத்தான் வருமாம். ஆனால் ஈறு நோய் சின்ன வயதிலேயே பிடித்துக்கொள்ளுமாம். அந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி அவர்கள் உடம்பில் குறைவாம், கவனிக்காவிட்டால் பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்துவிடுமாம். கீழ்வரிசையில் முன்பல் நாலு ஆடிக்கொண்டிருந்தது.

தினமும் அவனே பல் தேய்த்துக்கொள்கிறான் என்று நான் மார்தட்டினேன். எங்கே தேய்த்துக் காட்டு என்று அவர் பிரஷ்ஷைக் கொடுத்தார். அவன் வாங்கினான். வாங்கி என் கையில் கொடுத்தான். பிறகு திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி நின்று, தலையைப் பின்னால் என் நெஞ்சில் சாய்த்து, வாயைப் பெரிதாகத் திறந்தான். நான் பிரஷ்ஷும் கையுமாக டாக்டரம்மாவைப் பார்த்தேன். முன்பெல்லாம் உனக்கு யார் தேய்த்துவிடுவார்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"அம்மாதான் தேய்ப்பாங்க. அப்பா வரவே இல்ல" என்றான்.

உன் அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷமும் தினம் காலையில் பாத்ரூம் கதவைத் திறந்து வைத்து, கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் பிரஷ்ஷுடன் நிற்பான். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். கடை திறக்க நேரமாகிறது, சீக்கிரம் வாடா என்று வெளியிலிருந்து கத்துவேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்துவிடுவான். ஊரார் தலையை எல்லாம் சாய்த்துப் பிடித்தவன் நான். பெற்ற பிள்ளை தலையைச் சாய்க்க ஆள் தேடி நின்றது என் கண்ணில் படவில்லை.

உன் அம்மா மேல் கோபம்கூட வருகிறது. முப்பது வருஷம் அந்த வேலையைச் செய்தவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவளிடம் சண்டை போடவாவது அவள் இருக்க வேண்டாமா? இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை இல்லை, கண்ணு. அவன் பேசுவான், ஆனால் இதையெல்லாம் அவனிடம் நான் எப்படிப் பேசுவது?

இதய டாக்டரைக் கேட்டுவிட்டு, ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை கொடுத்து, ஆடிய நாலில் மூன்று பல்லை எடுத்தார்கள். ஈறில் இருக்கும் கிருமி இரத்தத்தில் கலந்தால் தைத்து வைத்த அந்த இதயத்துக்கு ஆபத்து என்றார்கள். உன் தம்பி என் விரலை நசுக்கிவிட்டான், ஆனால் வலிக்கல, வலிக்கல என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நான்தான் வெளியே போய் அழுதேன். மற்ற பல்லைக் காப்பாற்றலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். காலையும் மாலையும் இன்னொருவர் கை அவன் வாயில் பட வேண்டும், உயிருள்ளவரை.

இப்போது நான்தான் தேய்த்துவிடுகிறேன். நம் கடை நாற்காலியில் சாய்த்துச் செய்யலாம் என்று பார்த்தேன். அது கஸ்டமருக்கு என்று எழுந்துவிட்டான். நின்றுதான் சாய்வான், முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்வான். நான் சுவரில் முதுகை முட்டுக்கொடுத்துக்கொள்கிறேன். கீழ்வரிசையின் உள்பக்கம்தான் சிரமம். கன்னத்தை விரலால் ஒதுக்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து, மெதுவாக. இரத்தம் வருவது இப்போது நின்றுவிட்டது. போன வாரம் முழங்கால் மடங்கி இருவரும் விழப் பார்த்தோம். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

உன் கல்யாணப் பேச்சின்போது, தம்பியின் பொறுப்பு ஒருநாளும் என் பெண் தலையில் விழாது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே வாக்குக் கொடுத்தேன். நீ அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். உன் அம்மா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. அந்த வாக்கை நான் இதுவரை மீறவில்லை, அதனால்தான் இதை எழுதுவதற்கு நாலு மாதம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் ஒரு ஃபாரம் கொடுத்திருக்கிறார்கள். பராமரிப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். அவருக்கு அடுத்து யார் என்று கீழே ஒரு கோடு போட்டிருக்கிறது. மூன்று தரம் அதை வெறுமையாகவே திருப்பி எடுத்து வந்துவிட்டேன். அடுத்த முறை கட்டாயம் நிரப்பிக் கொண்டு வாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

அவனை இப்போதே அழைத்துக்கொண்டு போ என்று கேட்கவில்லை. விடுமுறையில் ஒரு தடவை வந்து, ஒரு காலை வேளை அவன் பின்னால் நின்று பார். பத்து நிமிட வேலைதான். உன்னால் முடியாது என்றாலும் அப்பாவுக்கு உன்மேல் மனக்குறை இல்லை. அப்போதும் நீ என் பெண்தான், உன் வீடு நிறைந்திருக்க வேண்டும் என்றுதான் என் வாய் சொல்லும். மாப்பிள்ளையிடம் பேசிவிட்டுச் சொல்.

அந்தக் கோட்டில் உன் பெயரை எழுதட்டுமா, அம்மா?

என்றும் உன் நலம் கேட்கும்
அப்பா