தண்ணீருக்கு விட்ட வழி

மூங்கிலோடைத் தோட்டம்,
மேற்பிரிவு, லிந்துலை.
19.8.1962, ஞாயிறு.

அன்பும் மரியாதையும் உள்ள சிறில் ஐயா அவர்களுக்கு,

செல்லசாமி மேசன் எழுதிக்கொள்வது. இங்கே மழை விட்டு நாலு நாளாகிறது. நானும் மகள் நாகலெட்சுமியும் மருமகன் அழகனும் பேரனும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா இல்லையா என்று கடைசிவரை வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன மாதக் கடைசியில் நீங்கள் போட்ட உறைக்குள் இரண்டு கடிதம் இருந்தது. ஒன்று எனக்கு. மற்றது மாயாண்டிக்கு, அவனுக்கு எழுத்து வாசனை இல்லாததால் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். வீடு விழுந்ததற்கும் அவன் பெண்சாதி வேலாயி செத்ததற்கும் முழுக் குற்றமும் உங்களுடையது என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், இனிமேல் எந்த வீட்டுக்கும் வரைபடத்தில் கோடு போடப்போவதில்லை என்றும் எனக்கு எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் எனக்கு உங்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. யாரைக் கேட்டு எழுதிக் கொடுத்தீர்கள்? ஊர் உலகத்தில் ஆளாளுக்குப் பழியைத் தட்டிவிடப் பார்க்கிறான். நீங்கள் வலியப் போய்த் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள். அந்த ஆத்திரம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மூன்று தரம் எழுதிக் கிழித்துப்போட்டு நாலாவது தரம் எழுதுகிறேன்.

முதலில் தோட்டத்துச் சேதி. நீங்கள் கோடு போட்டுக் கட்டின ஆறு மண்வீட்டுக் குடும்பங்களையும் பழைய லய வரிசைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாகலெட்சுமி குடும்பம் என் ஒற்றையறைக் காம்பராவில் இருக்கிறது. அடுத்த காம்பரா மாயாண்டிக்கு. தகரம் ஒழுகுகிறது, புகை போக வழியில்லை, பிள்ளை ஓயாமல் இருமுகிறான். மிச்சம் நிற்கிற ஐந்து வீட்டையும் இடிக்கப்போவதாகப் பேச்சு. அடுத்த மாதம் பத்தாம் தேதி கொழும்பில் கம்பெனிக் கூட்டமாம். அதில் முடிவானால் ஓடைக்கு மேலே மலையைக் குத்தாக வெட்டி, முதுகுக்கு முதுகு ஒட்டின லயம் இரண்டு கட்டுவார்களாம், நாற்பது குடும்பத்துக்கு. வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா இப்போதே முளை அடித்துவிட்டார்.  மலையின் காலை வெட்டிவிட்டு அதன் மடியில் ஆளைக் குடிவைக்கப் போகிறார்கள். மண்வீடு ஆளைக் கொன்றது என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு காகிதம் இருக்கும்போது இதை யார் தடுப்பது?

போன வருடம் ஆடி மாதம் வீடு கட்ட இடம் பார்க்க நீங்கள் வந்தது நினைவிருக்கிறதா? தோட்டத்துத் தொரை கொடுத்தனுப்பின அளவுச் சங்கிலியை நீங்கள் தொடவே இல்லை. மூன்று நாள், கொட்டுகிற மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்தபடியே நின்றீர்கள். கண்டாக்கையா என்னிடம் வந்து, அந்தாளுக்கு மூளை கீளை பிசகிப்போச்சா என்று மெதுவாகக் கேட்டார். அது நம்ம பழைய மரியநாயகி டீச்சர் மகன் ஐயா, என்னோடு ஒரே பெஞ்சில் படித்தது, சிலேட்டில் வாய்ப்பாடு எழுதச் சொன்னால் வீடு போட்டு வைத்து அடி வாங்கும், அன்றைக்கிருந்தே அப்படித்தான் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

நாலாம் நாள்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். இந்த மலைக்கு முதல் குடி தண்ணிதான் செல்லசாமி, அதுக்கு எடம் விட்டுட்டுத்தான் நாம ஒக்காரணும் என்றீர்கள். வெள்ளைக்காரன் மலையைச் செதுக்கித் தட்டையாக்கி அதில் லயத்தை நிறுத்தினான். நாம் மலை எப்படிச் சரிகிறதோ அதோடு சேர்ந்து வீட்டை இறக்குவோம் என்றீர்கள். கல் நம் ஓடையிலேயே கிடக்கிறது, மண் காலடியில் இருக்கிறது என்றீர்கள். தகரத்துக்கு மேல் மானாப்புல் வேய்ந்தால் குளிரும் இறங்காது, மழைச் சத்தமும் காதைப் பிளக்காது என்றீர்கள். ஒரு சவுக்கு மரத்தை வெட்ட மனசு வராமல் ஐந்தாம் வீட்டை இரண்டடி தள்ளிப் போட்டீர்கள். அடுப்புக்கு என்ன உயரம் என்று கேட்டதற்கு, வேலாயியைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவள் முழங்கையிலிருந்து அளந்தீர்கள். அவள் வெட்கப்பட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதிலேயே இருக்கிறது. பழைய காலத்து ஆள் கட்டினதைப் பழசு என்று தூக்கிப் போடாதே, எதுக்காக அப்படிக் கட்டினான் என்று கேள் என்றும் சொன்னீர்கள். என்றைக்காவது இந்த வீடு விழுந்தால் மண் மண்ணோடு போய்ச் சேரணும், தகரம் மாதிரி நூறு வருசம் குப்பையாகக் கிடக்கக்கூடாது என்றீர்கள். அன்றைக்கு அது எனக்கு நல்ல பேச்சாகத்தான் பட்டது.

மூன்றாம் வீட்டுக்கும் நாலாம் வீட்டுக்கும் நடுவில் நாலடிச் சந்து விட்டு, அடியில் கல் பதித்துத் தண்ணீர் ஓடுகிற கான் மாதிரி போடச் சொன்னீர்கள். இதுதான் தண்ணியோட வழி, இதில் ஒரு பூந்தொட்டிகூட வைக்கவிடாதே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள். நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. மேசனுக்குத் தெரிந்தால் போதாதா என்ற திமிர்.

தை மாதம் குடிபோனார்கள். மூன்றாம் வீடு என் மகளுக்கு, நாலாம் வீடு மாயாண்டிக்கும் வேலாயிக்கும். எவ்வளவு நல்ல வீடு! உள்ளே போனால் போர்த்திக்கொண்ட மாதிரி கதகதப்பு. ஆனால் பத்து நாளில் ஆளுக்கு ஆள் முகம் செத்துப்போனது. ஐயா, நாங்கள் மூன்று தலைமுறையாக ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் கிடந்தவர்கள். லயத்தில் சுவரைத் தட்டினால் உப்பு வரும், நெருப்பு வரும். பிள்ளைவலி கண்டவள் தட்டுவாள், சாகக் கிடக்கிறவன் தட்டுவான், அந்தப் பக்கத்திலிருந்து ஆள் ஓடிவரும். உங்கள் வீட்டில் ஒன்றரையடி மண்சுவர், அப்புறம் நாலடிச் சந்து, அப்புறம் இன்னொரு ஒன்றரையடி. தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. மாயாண்டி குறட்டையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை, எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது என்று வேலாயி வந்து சொன்னாள். நாகலெட்சுமி அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். அவள் தாயில்லாப் பிள்ளை, புருஷன் ஃபெக்டரியில் வேலை. நான் அத்துவானத்தில் கிடந்து சாகப்போறேன் அப்பா என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிச்சம் கிடந்த கல்லால் அந்தச் சந்தின் மேல்வாயை அடைத்தேன். மேலே இரண்டு தகரம் போட்டேன். இரண்டு வீட்டுச் சுவரிலும் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு வழி உடைத்துப் பலகை வைத்தேன். விறகு அடுக்க இடமாச்சு, பலகையைத் தட்டினால் அந்தப் பக்கம் கேட்கும். கல்லை ஓடையிலிருந்து கொழுந்துக் கூடையில் சுமந்து வந்து கொடுத்தது வேலாயி. அன்றைக்குக் கான் காய்ந்து கிடந்தது. இருந்தாலும் அடியில் ஒரு சாண் ஓட்டை விட்டுத்தான் கட்டினேன். அது போதும் என்று நினைத்தேன். உங்களுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதவில்லை.

மேல்மலையில் இந்த வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார்கள். வெட்டின வாதும் கிளையும் அப்படியே கிடந்தது. ஆடி மழையில் தண்ணீரோடு அத்தனையும் இறங்கி வந்து அந்த ஒரு சாண் ஓட்டையில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் பின்னால் கட்டி நின்று, போக வழியில்லாமல் திரும்பி, என் மகள் வீட்டுப் பின்சுவரைக் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் குடித்தது. உங்கள் மண்சுவர் அவ்வளவு நேரம் தாங்கினதே பெரிசு. நான் ஃபெக்டரியில் சூளைக்குக் கல் மாற்றிக்கொண்டிருந்தேன். எல்லாரும் மலையில். பிள்ளைபெற்ற நாகலெட்சுமியும் காய்ச்சல் என்று படுத்திருந்த வேலாயியும் மட்டும்தான் வீட்டில். சுவர் உப்புகிறதைப் பார்த்து நாகலெட்சுமி பலகையைத் தட்டியிருக்கிறாள். தட்டின மறு நிமிஷம் வேலாயி வந்துவிட்டாளாம். பிள்ளையை வாங்கித் தன் வீட்டில் கிடத்திவிட்டு, திரும்பவும் நுழைந்து, சேற்றில் கால் மாட்டிக்கொண்ட என் மகளை இழுத்து வெளியே தள்ளியிருக்கிறாள். அதற்குள் சுவர் விழுந்துவிட்டது, வேலாயி வெளியே வரவில்லை.

அவளைத் தோண்டி எடுப்பதற்காக மண்ணையும் கல்லையும் வாரிக் கொட்டினோம். அதோடு சந்தை அடைத்த என் சுவரும் போய்விட்டது. மூன்றாம் நாள் நீங்கள் வந்து நின்றபோது சந்து நீங்கள் விட்ட மாதிரியே திறந்து கிடந்தது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, மண்ணை நம்பினது என் தப்பு என்று சொல்லித் தலையில் கை வைத்தீர்கள். நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். தொரை என்னைப் பார்த்து, மேசன் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். இல்லைங்க தொரை என்றேன். மற்றவர்களுக்குச் சுவர் வைத்தது தெரியும், அதுதான் எமன் என்று தெரியாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பிரஜாவுரிமைக்குப் போட்ட மனுவை இரண்டு தரம் தள்ளிவிட்டார்கள். வேலை போனால் காம்பரா போகும், காம்பரா போனால் இந்தியாவுக்குக் கப்பல்தான். நான் பார்த்தே இராத ஒரு தேசத்தில் போய் யார் வீட்டு வாசலில் நிற்பது? பயம் ஐயா. வேறொன்றுமில்லை.

போன ஞாயிறு மாயாண்டிக்கு உங்கள் கடிதத்தை வாசித்தேன். அதுவரை தபால் வந்ததையே அவனுக்குச் சொல்லவில்லை. காம்பரா வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். உங்களை நம்பிக் குடிவந்த உங்கள் மனைவியை என் அறியாமை கொன்றுவிட்டது என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திக் கண்ணைத் துடைத்தேன். எனக்காக நான் அழுததை உங்களுக்காக அழுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். பிறகு, தண்ணீருக்கு ஒரு வழி விட்டிருந்தேன், அது போதவில்லை என்ற வரி வந்தது. மாயாண்டி நிமிர்ந்து பார்த்தான். வழி விட்டிருந்தாரா? எங்க விட்டிருந்தாரு செல்லசாமி என்று கேட்டான்.

பச்சைப்பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான். நாம வெறகு அடுக்குன எடம் என்றேன்.

 கூடையில கல்லு சொமந்தாளே என்று மட்டும் தனக்குள் சொன்னான். பிறகு எழுந்து நின்று, அந்த டீச்சர் புள்ள செய்யாத தப்புக்கு அழுவுது, அதுக்கு எழுதிப் போடு என்று சொல்லிவிட்டுத் தன் காம்பராவுக்குள் போய்விட்டான். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. தினம் என் அடுப்பில்தான் தேத்தண்ணி குடிப்பான். அன்றைக்கிருந்து வரவில்லை. நாகலெட்சுமி கொண்டுபோய் வைத்தால் ஆறிப்போய் அப்படியே இருக்கிறது.

இத்தோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். சந்தை அடைத்தது நான், யாரும் சொல்லிச் செய்யவில்லை, வரைபடத்தில் பிசகு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே பெருவிரல் அடையாளம் மாயாண்டியுடையது. நேற்று நாகலெட்சுமி கையில் காகிதத்தைக் கொடுத்தனுப்பினேன், விரலை வைத்துக் கொடுத்துவிட்டான். பத்தாம் தேதிக்கு முன்னால் இதைக் கம்பெனியில் காட்டுங்கள். என் கதியை நினைத்து மறைத்துவிடாதீர்கள். நீங்கள் அப்படிச் செய்கிற ஆள்தான். மலையை வெட்டி லயம் வைத்தால் அது சரிந்து நாற்பது குடும்பம் போகும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். திரும்பவும் கோடு போடுங்கள். ஒன்று மட்டும் மாற்றிப் போடுங்கள். தனித்தனி வீடு எங்களுக்கு ஒத்துவரவில்லை. இரண்டிரண்டு வீடாக, நடுவில் ஒரே சுவர் வைத்து, அது தட்டினால் கேட்கிற சுவராக இருக்கட்டும். அதற்கு அப்புறம் தண்ணீருக்குத் தாராளமாக வழி விடுங்கள். அதை எதற்காக விட்டிருக்கிறீர்கள் என்று பொம்பளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள், மேசனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

நீங்கள் கும்பிடுகிற மாதா உங்களுக்குத் துணையிருப்பாள். நீங்கள் கட்டுகிற வீடெல்லாம் நின்று விளங்க வேண்டும் என்று எங்கள் மாடசாமியையும் கும்பிட்டுக்கொள்கிறேன். தோட்டத்துக்கு வந்தால் என் காம்பராவுக்கு வரவேண்டியதில்லை. நேரே மாயாண்டியிடம் போங்கள், அவனோடு ஒருவாய் தேத்தண்ணி குடியுங்கள். எழும்பும்போது அவனைக் கேட்டுக்கொண்டு, சுவரை ஒரே ஒரு தரம் தட்டுங்கள். நான் இந்தப் பக்கம்தான் இருப்பேன். அவன் தட்டினதாக நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு ஒரே பெஞ்சில் இருந்த
க. செல்லசாமி