பதின்மூன்றாவது முட்டை

மிலானில் இருக்கும் என் மகன் ஹாஸிமுக்கு வாப்பா எழுதுவது. சலாம். இறைவன் அருளால் நீயும் மருமகளும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே உன் உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. அது ஏன் கூடியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பேசும்போதெல்லாம் உன் உம்மா பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டுவாள், கையைக் காட்டுவாள், கடைசியில் அங்கே மழை எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால் செவ்வாய்க்கிழமை அங்கே திரும்பும் ரொட்டிக்கடைக்காரர் மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

என் கோழிகளை உனக்குத் தெரியும். நம் ஃபையூம் மாகாணம் முழுக்கத் தேடினாலும் இப்படிக் கலப்பில்லாத பிகாவி நாட்டுக்கோழி இன்று பத்து வீட்டில் இருந்தால் அதிகம். வெள்ளிக் கழுத்து, உடம்பெல்லாம் கறுப்பு வரி, ஈயக் கறுப்பில் கால். பன்னிரண்டு வருடமாக இந்த ஒரு வம்சத்தைக் காத்து வருகிறேன். விவசாயப் பள்ளியில் இரண்டு முறை என்னைத் தாண்டி என் மாணவர்களின் வயதுள்ளவனைத் தலைமை ஆசிரியராக்கினார்கள், பண்ணையில் வேலை தருவதாகச் சொல்லி எவனோ ஒருவனின் மைத்துனனுக்குக் கொடுத்தார்கள், உன் தாத்தா வீட்டைப் பிரித்தபோது குளிர்ந்த வடகாற்று வரும் பக்கத்தை என் தம்பி, உன் சாச்சா ஷெஹாத்தா எடுத்துக்கொண்டு எனக்கு வெயிலைக் கொடுத்தான். என்னிடம் மிச்சம் இருந்தது இந்தக் கோழிகள்தான். மாடியில் ஆள் உயரத்துக்கு நான் சுவர் எழுப்பியதும், ஆறு வருடமாக அவனோடு பேசாததும் உனக்குத் தெரிந்த கதை.

மார்ச்சில் ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. நானே பொறுக்கிப் பன்னிரண்டு முட்டை வைத்தேன், ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி எழுதினேன். அப்புறம் பரீட்சை மேற்பார்வைக்குப் போய்விட்டேன், பெட்டையைத் தூக்கி மறுபடி எண்ணவில்லை. இருபத்தோராம் நாள் குஞ்சுகள் வந்தன. அதில் ஒன்று மொட்டைக்கழுத்து! கழுத்து சிவந்து, விரல் மாதிரி வெறுமையாக, முன்பக்கம் மட்டும் ஒரு பொட்டுத் தூவி. இதை நான் முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். தாயும் தகப்பனும் இரண்டுமே மொட்டைக்கழுத்தாக இருந்தால் அந்தப் பொட்டு பெரும்பாலும் இருக்காது. பொட்டு இருந்தால் தாய் தகப்பனில் ஒன்றுதான் மொட்டைக்கழுத்து. தெருவில் அந்தச் சாதி வளர்ப்பவன் ஷெஹாத்தா ஒருவன்தான். அவனுடைய அந்தச் சிவப்புச் சேவல் சுவர் தாண்டி வந்து என் பெட்டையை மிதித்திருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

ஆறு வருட மௌனத்தை அன்று உடைத்தேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, பள்ளிவாசல் வாசலிலேயே அவனைப் பிடித்துக் கேட்டேன். அவன் நிதானமாக, "அண்ணே, அது கிழட்டுச் சேவல், ஒரு கண்ணு வேற தெரியாது. உன் சுவரு ஏறணும்னா அதுக்கு ஏணி வெச்சுக் கொடுக்கணும்" என்றான். கூட்டம் சிரித்தது. காப்பிக்கடை முதலாளி, "வாத்தியாரே, சேவலுக்கும் பாஸ்போர்ட் கேக்குறீங்களா?" என்றார். சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. அந்தச் சேவலின் கழுத்தில் கத்தி வை, இல்லையென்றால் நாளைக்கு நான் செத்தால் என் ஜனாஸாவின் பின்னால் நீ நடக்கக் கூடாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். அவன் முகம் செத்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மதியமே அதை அறுத்து, சோறும் முலூக்கியாக் கீரைக் குழம்புமாக ஒரு பெரிய தட்டு நிறைய நம் வீட்டுக்கு அனுப்பினான். நான் தொடவில்லை. உன் உம்மா அழுதுகொண்டே சாப்பிட்டாள். நான் சொன்னதன் கடுமைக்கு அழுகிறாள் என்று நினைத்தேன்.

இப்போது கேள். இரண்டு மாதம் ஆயிற்று. போன வாரம் அந்தக் குஞ்சைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கொண்டை வளரவில்லை, பெட்டை. கால் ஈயக் கறுப்பு. இதுவும் நானே நடத்துகிற பாடம்தான்: பெட்டைக் குஞ்சுக்கு அந்தக் கால் நிறம் தகப்பனிடமிருந்துதான் வரும், தாயிடமிருந்து வராது. ஷெஹாத்தாவின் சேவலுக்கு எலுமிச்சை மஞ்சள் கால். அப்படியென்றால் தகப்பன் என் சேவல். மொட்டைக்கழுத்து தாயிடமிருந்து வந்திருக்கிறது, தாய் அவனுடைய பெட்டை. முட்டையே அந்தப் பக்கத்து முட்டை. கால் நிறம் தெளியும்வரை குஞ்சுக்குப் பெயர் வைக்காதே என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், நான் ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை.

உன் உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சமும் பதறாமல், "பன்னெண்டு ரெட்டப்படை. ரெட்டப்படையில அடை வெச்சா விளங்குமா? ஒத்தப்படையாக்க நஜாத்துக்கிட்ட ஒரு முட்டை வாங்கினேன்" என்றாள். ஷெஹாத்தாவின் மனைவி, உன் நஜாத் சாச்சியோடு எப்போதிலிருந்து பேச்சு என்று கேட்டால், "எப்ப நிறுத்தினேன்? உப்பு, தீப்பெட்டி, ஈஸ்ட், உங்க பேரன் போட்டோ எல்லாம் சுவத்து ஓட்டை வழியாத்தான் போகுது வருது" என்கிறாள். என் சேவல் அங்கே எப்படிப் போனது என்றேன். "அது தினம் விடிஞ்சதும் பறந்து அங்கதான் போகும். நாம பேசுறதில்லைன்னு அதுகிட்ட யாரும் சொல்லல போல" என்றாள். அப்படியானால் அந்தச் சேவலை அறுத்தபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்தினேன். "திறந்திருந்தா ஓட்டையை அடைச்சிருப்பீங்க. சேவல் போனாப் போகுது" என்றாள். இதைச் சொன்ன கையோடு, அந்த ஓட்டைக்குச் செங்கல்லை உருவியது யார் என்பதையும் சொன்னாள். நீ. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், மாடியில் துணி எடுக்கப் போகிறேன் என்று போய், என் சுவரில், நான் சொந்தக் கையால் பூசிய சுவரில். ஆறு வருடமாக வியாழன்தோறும் என்னிடம் தொலைபேசியில் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறாய். வெட்கமாக இல்லையா? இந்த வீட்டில் படித்தவன் நான் ஒருவன், ஒன்றும் தெரியாதவனும் நான் ஒருவன்.

ஷெஹாத்தாவுக்கு உண்மை தெரிந்திருக்கிறது. அந்த முட்டை தன் வீட்டு முட்டை என்று நஜாத் சொல்லியிருக்கிறாள். தெரிந்தே அறுத்தான். பெண்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றா, என் ஜனாஸாவின் பின்னால் நடக்க வேண்டும் என்றா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. இதற்குத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவன் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.

என் இரண்டாவது சேவலை, இரண்டிலும் நல்லதை, அவனுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிடலாம் என்று நேற்று மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கும்போது மாடிக்குப் போய் அந்த ஓட்டையில் அதைத் திணித்துப் பார்த்தேன். தலை போயிற்று, மார்பு நுழையவில்லை. சேவல் கத்தி ஊரைக் கூட்டிவிட்டது. அந்தப் பக்கம் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள், மூச்சுவிடும் சத்தம் கேட்டது. இனி வெள்ளிக்கிழமை கூடையில் வைத்து, காப்பிக்கடையைத் தாண்டி, பள்ளிவாசல் வாசலுக்கே எடுத்துப் போக வேண்டும். எங்கே சொன்னேனோ அங்கேதானே திரும்ப எடுக்க முடியும். அத்தனை பேரும் பார்ப்பார்கள். உருவியதுதான் உருவினாய், இரண்டு செங்கல்லாக உருவியிருக்கக் கூடாதா?

இறைவன் உன் கைகளுக்குப் பரக்கத் தரட்டும், பேரனைக் கண்ணேறிலிருந்து காக்கட்டும். மழையில் தலையை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல். வியாழக்கிழமை என்னைக் கூப்பிடும் முன் உன் சாச்சாவைக் கூப்பிடு, நான் சொன்னதாகச் சொல்லாதே.

கோபம் தீராத உன் வாப்பா,
ரிஃப்அத்