மூன்றாம் ஓலைக்குப் பிறகு

பாலசமுத்திரம்
வியாழக்கிழமை

அன்புள்ள பென்னி அவர்களுக்கு,

ஹன்னா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உங்களை எப்படி அழைத்து எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். அம்மாவைக் கேட்டால் சிரிப்பார். அதனால் பெயரையே எழுதிவிட்டேன். தவறாக நினைக்க வேண்டாம்.

அங்கே கலவரம் தொடங்கி போன் நின்றுபோனதிலிருந்து, திருப்பதியில் அலிபிரி போகிற சாலையில் இருக்கும், உங்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் அலுவலகத்துக்கு நைனா வாராவாரம் போய் வருகிறார். அங்கிருப்பவர் டீ வாங்கிக் கொடுத்து, ஒன்றும் ஆகாது, வந்துவிடுவார் என்று தெலுங்கில் சொல்லி அனுப்புவார். இந்த முறை, மருந்து கொண்டுபோகிறவர் ஒருவர் பக்கத்து நாட்டு வழியாக உங்கள் கேம்புக்குப் போகிறார், கடிதம் இருந்தால் கொடுங்கள் என்றாராம். சித்தூரிலிருந்து உங்கள் அம்மாவின் கடிதமும் வந்திருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன். அதை முதலில் படியுங்கள். தன் கண்ணில் நீர் வடிந்ததை அதில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கண் ஆப்பரேஷன் முடிந்துவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறார்.

இங்கே கரும்பு வெட்டு நடக்கிறது. நைனாவுக்கு ஆள் கிடைக்கவில்லை. நான் வயலுக்குச் சோறு கொண்டுபோகிறேன். அந்த வயல்தான் இப்போது எனக்கு எல்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் வருவதாகச் சொன்ன தேதியை நம்பி நைனா சபையில் கல்யாண ஓலை கொடுத்துவிட்டார். இன்னாருக்கு இன்னாரோடு கல்யாணம் என்று மூன்று ஞாயிறும் ஆராதனையில் வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலை வாசித்த வாரத்தில்தான் அங்கே விமானம் நின்றது. ஓலை வாசித்த பெண் கல்யாணம் ஆகும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது எங்கள் சபையில் வழக்கம். சில நாட்களுக்காக ஏற்பட்ட வழக்கம், எனக்கு மாதக்கணக்கில் நீண்டுவிட்டது. திருப்பதியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் என்று நைனா அந்த ஆர்டரைப் போதகர் ஐயாவிடம் காட்டி ஜெபிக்கச் சொன்னார். அந்த இடத்துக்கு இப்போது வேறு பெண் வந்துவிட்டாள். கல்லூரி நாளில் நான் போய்வந்த பஸ் எங்கள் வாசலில்தான் திரும்புகிறது. கண்டக்டர் சிட்டிபாபு பழக்கத்தில் இன்னும் வண்டியை மெதுவாக்கச் சொல்கிறார். நான் எட்டிப் பார்த்தால் அம்மா, "ஓல படிச்ச பொண்ணு, ரோட்டப் பாத்துகினு நிக்காத, உள்ள வா" என்கிறார்.

போன வாரம், உங்களோடு வேலை செய்த நகரி ரமணா வீட்டுக்கு வந்தார். கடைசிக் கப்பலில் வந்தவர். நீங்கள் வேலை செய்யும் ரயில் பாதையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல். காலையில் மணல் மூடிய தண்டவாளத்தைத் தேடிப் பெருக்கினால்தான் வண்டி ஓட்டலாம். முகத்துவாரத்தில் பாலத்துக்குத் தூண் மட்டும் நிற்கிறது, எஞ்சின் அதுவரை போய்ப் பின்பக்கமாகவே திரும்பி வரும் என்றார். துப்பாக்கியோடு இரண்டு கூட்டம், நடுவில் உங்கள் கேம்ப். கேட்டுக்கொண்டிருந்த நைனா, கப்பலில் பென்னிக்கு ஒரு இடம் கிடைக்காமல் போயிற்றே என்று சொல்லிவிட்டு வெற்றிலை எடுக்க உள்ளே போனார்.

அப்போது ரமணா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "எடம் இருந்துச்சும்மா. அவர் பேரக் கூப்ட்டாங்க. அந்த ரயில் மிஷினப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்னாங்க, அவரே பைய எடுத்துக்கினு கேம்புக்குத் திரும்பிப் போய்ட்டாரு."

நைனா வந்ததும் வேறு பேச்சு. நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் சபையிலும் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் ஜெபிக்கிறார்கள். நானும் ஆமென் சொல்கிறேன். அதற்குப் பிறகு துறைமுகத்தையும் மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். ஆகவே இப்போது அது உண்மையாகவே ஆகிவிட்டது.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பெண் பார்க்க வந்த அன்று, உனக்கு இஷ்டம்தானா என்று கேட்டீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் கூச்சம். வேறு ஒன்றுமில்லை.

ஓலை வாசித்து முடிக்கும்போது போதகர் ஐயா, இந்த இருவரும் சேர்வதில் யாருக்காவது தடை இருந்தால் இப்போதே சொல்லட்டும் என்று கேட்பார் அல்லவா? மூன்று ஞாயிறும் கேட்டார். மூன்று ஞாயிறும் சபை அமைதியாக இருந்தது. நீங்கள் அங்கே இல்லை. அதனால் உங்களிடம் தனியாகக் கேட்கிறேன். உங்களுக்குத் தடை இருக்கிறதா?

இருந்தால் ஒரு வரி எழுதி அந்த மருந்துக்காரரிடமே கொடுத்தனுப்புங்கள். தடை சொன்னது நான்தான் என்று வீட்டில் சொல்லிவிடுவேன். உங்கள் அம்மாவை யாரும் ஒரு வார்த்தை பேச விடமாட்டேன். அதன் பிறகு நான் அந்தப் பஸ்ஸில் ஏறுவேன்.

இல்லையென்றால், அடுத்த முறை உங்கள் பெயரைக் கூப்பிடும்போது பையோடு முன்னால் நில்லுங்கள். மிஷின் மணலில் கிடக்கட்டும். கிறிஸ்துமஸ் தாண்டினால் ஓலையை மறுபடி வாசிக்க வேண்டுமாம். வாசிக்கட்டும். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

கடல் உங்களுக்கு வழிவிடட்டும். இருட்டில் வெளியே போகாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பெயரோடு சேர்த்து மூன்று முறை வாசிக்கப்பட்ட
சு. ஹன்னா